வெறுஞ்சட்டியாக அனுப்பாதே

அத்தை,

முதியோர் இல்லத்திலிருந்து உங்கள் சாமான்களை இன்று வாங்கி வந்தேன். இரண்டு சேலை, திருநீற்று டப்பா, தைலப் போத்தல், அப்புறம் நம் தூக்குச்சட்டி. கடைசியாக உங்களைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொண்டு வந்து கொடுத்த அதே சட்டி. மேசைமேல் வைத்திருக்கிறேன். தூக்கும்போது உள்ளே என்னமோ உருண்டது. உங்கள் தைல வாசம் வீடெல்லாம் ஏறிவிட்டது. சட்டியைத் திறக்கக் கை வரவில்லை.

கோலா சிலாங்கூர் வீட்டுக் குளியலறையில் நீங்கள் வழுக்கி விழுந்தபோது, என்னோடு வந்துவிடச் சொன்னேன். "ஒன் வீடு மூனாவது மாடி. என் முட்டி ஏறாதுலா. நல்ல எடமா பாரு, போறேன்" என்றீர்கள். அழுதது நான்தான். அம்மா போனபின் எனக்கிருந்த தாய்வீடு நீங்கள். நீங்களோ கொண்டையை முடிந்துகொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள்.

பார்க்கப்போன இல்லத்திலெல்லாம் நான் கைப்பிடி இருக்கிறதா, டாக்டர் வருவாரா என்று பார்த்தேன். நீங்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டீர்கள். ரவாங்கில் காகிதக் குவளையில் கொடுத்தார்கள். கோலா குபு பாருவில் மூடி திறக்காத போத்தல். இரண்டும் வேண்டாம் என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் நின்று, "அப்படி என்னதான் குறை?" என்று கத்தினேன்.

"குடிச்சிட்டுக் குப்பையில போடுங்கிறாங்க. அப்ப யாருக்கு என்னத்தத் திருப்பிக் குடுக்கிறது?"

பத்தாங் காலியில் சமையல்காரப் பெண் சில்வர் டம்ளரில் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, நீங்களே கழுவி, கைப்பையிலிருந்த மிட்டாயை அதற்குள் போட்டு நீட்டினீர்கள். "இங்க இருக்கேன்."

எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் அப்படித்தானே இருந்தோம். குழம்போ பாயசமோ வந்த பக்கத்து வீட்டுக் கிண்ணம் வெறுமனே திரும்பக் கூடாது. சம்பளத்துக்கு முந்தின வாரத்திலும் ஒரு கை சீனியோ பச்சை மிளகாயோ போட்டு, "வெறுஞ்சட்டியா அனுப்புனா ஒறவு வேணாம்னு அர்த்தம்டி" என்பீர்கள்.

இல்லத்தில் சேர்ந்த கொஞ்ச நாளில் தாதி என்னைக் கூப்பிட்டாள். "ஆண்ட்டி ரொட்டியில பாதிய தட்டுலயே வச்சு அனுப்புறாங்க. சில நாளு பூவ வைக்கிறாங்க. ஞாபக மறதி போல. பின்பக்க வார்டுக்கு மாத்தணும்லா." கதவைப் பூட்டியே வைத்திருக்கும் வார்டு அது. பதறிக்கொண்டு வந்தேன். லயத்து வழக்கத்தை நான் சொல்லச் சொல்ல, அவள் உங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அந்தப் பூவெல்லாம் எனக்கா?"

"பின்ன? சோறு கொண்டாந்தவளுக்குத் தட்டச் சும்மாவா அனுப்புறது?" என்று அவளையே கடிந்துகொண்டீர்கள். அப்புறம் வார்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மறுவாரம் வந்தபோது உங்கள் செம்பருத்தி அவள் கொண்டையில் இருந்தது.

எனக்கும் ஒவ்வொரு ஞாயிறும் சட்டியில் ஏதாவது இருக்கும். ஒரு முறை வாழைப்பழம், ஒரு முறை நமுத்துப்போன பிஸ்கட். "வயித்துக்குச் சாப்பிடாம எனக்கு எதுக்கு?" என்று திட்டிவிட்டு, காரிலேயே தின்பேன்.

இன்று சாமான்களைக் கொடுக்கும்போது தாதி சொன்னாள். "கடைசி நாளு காலையிலகூட சட்டியத் தானே கழுவணும்னு அடம்லா. கையில தெம்பே இல்ல. நான் சட்டியப் புடிச்சுக்கிட்டேன், அவங்க தேச்சாங்க."

இப்போது திறந்துவிட்டேன் அத்தை. மீன் வாடை கொஞ்சமும் இல்லை. உள்ளே ஓர் ஆரஞ்சு, தோல் சுருங்கிக் கிடக்கிறது. காலைச் சாப்பாட்டோடு உங்களுக்குக் கொடுத்ததாக இருக்கும். நீங்கள் தின்னவில்லை. நான் வருவேன் என்று எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

உரித்து, அழுதுகொண்டே முழுவதும் தின்றேன். புளிப்புதான். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இனி அனுப்ப வேண்டியது என் முறை. எதைப் போட்டு, எங்கே அனுப்புவேன் அத்தை?