மூச்சைப் பிடிக்க மாட்டேன்

பதிவு 1. 2071 ஜூன் 9, காலை 7:10. உள் அழுத்தம்: 40 மீட்டர் ஆழத்துக்கு ஈடு

காற்று சரி. அழுத்தம் சரி. புழுக்கம், இட்லிப் பானைக்குள் குடியேறியது போல. இதைக் கண்டெடுத்துப் படிக்கிறவருக்கு வணக்கம். நான் செலஸ்டினா மோத்தா, வயது ஐம்பத்திரண்டு, ஊர் தூத்துக்குடி. மூன்று வாரம் கடலடி நிலையத்தில் பவளக் குஞ்சுகளுக்கு ஆயா வேலை பார்த்துவிட்டு மேலே கிளம்புகிறேன். வாகனம், ஒற்றை ஆள் கூண்டு. செல்லப் பெயர் நத்தை. கப்பலுக்கு அடியில் தொங்கிக்கொண்டே உள்ளழுத்தத்தை மூன்று நாளில் மெல்லக் குறைக்கும். அவசரப்பட்டால் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்கிவிடும்.

பதிவு 2. ஜூன் 10, மாலை 4:35. ஈடு 26 மீட்டர்

பொழுது போகாமல் புது இதய ஸ்கேன் கருவியை நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். படம் மேலே போனது. கப்பல் டாக்டர் ஹமீது லெப்பையின் குரல் கீழே வந்தது:

"அக்கா, இதயத்தோட மேலறை ரெண்டுக்கும் நடுவுல சின்னக் கதவு ஒண்ணு இருக்கு. பொறந்ததும் ஒட்டியிருக்கணும், உங்களுக்கு ஒட்டல. நாலு பேர்ல ஒருத்தருக்கு இருக்கும், தரையில ஒண்ணும் பண்ணாது. முங்குறவங்களுக்குத்தான் வம்பு. ரத்தத்துல வர்ற குமிழியை மத்தவங்களுக்கு நுரையீரல் வடிகட்டிடும். உங்களுக்கு அது குறுக்கு வழியா மூளைக்குப் போயிடும். மூச்சைப் பிடிச்சு முக்கினா கதவு நல்லாத் திறக்கும். எதையும் தூக்காதீங்க."

அடப்பாவி! ஊரில் நாங்கள் முங்கப் போகும் படகில், கடைசியாக மேலேறுகிறவர்தான் நங்கூரம் இழுக்க வேண்டும். வீம்புக்கு நான்தான் எப்போதும் கடைசி. மூச்சைப் பிடித்து இழுப்பேன், அப்புறம் தலை சுற்றி மீன்கூடை மேல் உட்காருவேன். வயிற்றில் நீலத் திட்டு வரும். வயசுக் கோளாறு என்றார்கள். என் நாத்தனார் செய்வினை என்றாள். ஓட்டை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. என்னிடம் எந்த ரகசியமும் தங்காததன் காரணம் மட்டும் இப்போது புரிகிறது.

பதிவு 3. ஜூன் 11, பகல் 11:52. ஈடு 15 மீட்டர், இறங்குகிறது

காற்று வெளியேற்றும் வால்வு பாதி திறந்தபடியே சிக்கிக்கொண்டது. சீறுகிறது. அழுத்தம் வேகமாக விழுகிறது. கைச்சக்கரத்தைத் திருகி மூட வேண்டும். உப்பு இறுகி அசைய மாட்டேன் என்கிறது. முழங்கையில் வலி ஆரம்பம்.

கப்பலின் கட்டுப்பாட்டுத் தலைவர் வைகுந்தராமன்:

"மேடம், மூச்சைப் பிடிச்சு ஒரே திருகா திருகுங்க. முடியலேன்னா கூண்டைத் திறந்து உங்களை வெளிய எடுத்துடுவேன்."

திறந்தால் நான் சோடா. தாழ்ப்பாள் என் பக்கம். போட்டுவிட்டேன். மூச்சையும் பிடிக்க மாட்டேன், முடிந்தால் இறங்கி வந்து பிடித்துக் காட்டும் என்றேன்.

ஹமீது குறுக்கே வந்தார்: "அக்கா சொல்றது சரி, சார். அக்கா, மூச்சு வெளிய போயிட்டே இருக்கணும். பேசிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமாத் திருகுங்க. வாயை மூடவே மூடாதீங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மருத்துவர் எனக்கேற்ற மருந்து எழுதியிருக்கிறார்.

பதிவு 4. பகல் 12:09. ஈடு 11. குரல் பதிவு, இடது கை மரத்துவிட்டது

பேசுகிறேன். திருகுகிறேன். வைகுந்தராமன் தலையில் இருப்பது அவருடைய முடி இல்லை, காரைக்காலில் வாங்கியது. சக்கரம் ஒரு விரற்கடை அசைந்தது. சமையல்காரர் தொம்மை நண்டை எண்ணி வைப்பார், இறாலை எண்ண மாட்டார், ஏனென்று கப்பலில் இறால் தின்னும் இரண்டு பேருக்குத் தெரியும். இன்னொரு விரற்கடை. என் நாத்தனாரின் இரண்டாவது நிச்சயதார்த்தம் இருக்கிறதே...

"மேடம், ஸ்பீக்கர்ல எல்லாரும் கேக்குறாங்க!"

கேட்கட்டும். வாய் நின்றால் இதயக் கதவு திறக்கும். உங்கள் மானமா, என் மூளையா? அரைச் சுற்று ஆயிற்று. கண்ணில் பூச்சி பறக்கிறது. அடுத்தவர் கதை தீர்ந்தது, என் கதைக்கு வருகிறேன். கல்யாணப் புகைப்படத்தில் நான் மட்டும் கண்ணை மூடி... அந்த... தலையில் போடுவார்களே, வெள்ளையாக... சரி, அது. திருகு. திருகுடி, செலஸ்டினா.

பதிவு 5. நேரம் தெரியவில்லை. குரல் பதிவு

சீறல் நின்றது. மூடிவிட்டேன். நான்தான். ஒரே ஒரு தடவைகூட மூச்சைப் பிடிக்கவில்லை.

குமிழிகள் மறுபடி கரையட்டும் என்று மேலிருந்து அழுத்தத்தைத் திரும்ப ஏற்றுகிறார்கள். காது அடைக்கிறது. டாக்டர் தம்பி, அவர் பேர் நாக்கு நுனியில்... என்னவோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

"அக்கா, நல்லாப் பேசுறீங்க, நிறுத்தாதீங்க. உங்க பேரைச் சொல்லுங்க பாப்போம். அக்கா? உங்க பேரு?"

என் பேரா?

முதல் பதிவில் இருக்கிறது, தம்பி. போய்ப் படி. படித்துவிட்டு என்னிடமும் சொல். நங்கூரத்தை மட்டும் எவனும் என் கையில் கொடுக்க...