கஜந்தினியின் காணி

ஒக்டோபர் 7

காலையில் உடுவில் தோட்டக்காரர் சிலரைக் கண்டு கதைத்தேன். விதைவெங்காயம் விலை ஏறிவிட்டது. செய்தியை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால் மகள் கஜந்தினி படலையிலேயே நிற்கிறாள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம், கட்டடக்கலை. கிடைத்துவிட்டது. மனைவி பத்மாவதி கற்பூரம் கொளுத்த சாமியறைக்குப் போய்விட்டாள்.

ஐந்து வருடப் படிப்பு. படிப்புக்குக் கட்டணம் இல்லை. அங்கே இருக்க, சாப்பிட, வரைய, மாதிரிக் கட்டடங்கள் செய்ய எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு அனுப்புகிற செய்திக்குத்தான் எனக்குச் சம்பளம். வெள்ளம் வந்தால் வருமானம், வெயிலடித்தால் இல்லை. மூன்று பேரும் இதைத்தான் யோசித்தோம்.

ஒக்டோபர் 9

அரசாங்கத்தின் மகாபொல உதவிப்பணம் கிடைக்கலாம். அது சாப்பாட்டுக்கே காணாது என்று அங்கே படிக்கிற பிள்ளைகள் சொல்கிறார்கள். கனடாவிலுள்ள ஒரு சங்கத்துக்கு எழுதினேன். உதவி தருவார்களாம், ஆனால் காசோலை வாங்கும்போது படம் எடுத்துப் பத்திரிகையில் போடவேண்டும்.

“படத்துக்கு நான் நிக்கமாட்டன் அப்பா.”

வற்புறுத்தவில்லை. அப்படியான படங்களின் கீழே எத்தனையோ தரம் இரண்டு வரி எழுதியவன் நான். அந்தப் பிள்ளைகள் எங்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பது நினைவிருக்கிறது. எல்லோரும் நிலத்தை.

ஒக்டோபர் 12

நகரில் நளீரின் போட்டோப்பிரதிக் கடைக்குப் போனேன். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களைப்போலக் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்தவன். அவன் மகள் ஜிஹானாவும் கஜந்தினியும் ஒரே ரியூசன். ஜிஹானா பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள்.

ஓய்வுபெற்ற மருத்துவர்கள் சிலர் நடத்தும் ஒரு நிதியத்தைப் பற்றி அவன்தான் சொன்னான். படம் இல்லை, மேடை இல்லை. ஒரு விண்ணப்பம், ஒரு நேர்முகம்.

“ரண்டு பிள்ளையளும் போடட்டும் அண்ணை. என்ரை பிள்ளைக்குக் கிடைச்சு உங்கடை பிள்ளைக்குக் கிடைக்காட்டி என்னைப் பற்றி பேப்பரிலை கூடாமல் எழுதிப்போடாதேங்கோ.”

“உன்னைப் பற்றி எழுத என்ன கிடக்கு?”

“அதுதான், ஒண்டும் இல்லாட்டில் நீங்கள் எழுதுவியள்தானே!”

ஒக்டோபர் 16

மீனவர் கூட்டமொன்றுக்காகப் பருத்தித்துறை போயிருந்தேன். நாளை முடிவுத் திகதி என்பதால் தாயும் மகளும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிரதியை வாங்கி வாசித்தேன். எல்லாம் சரி. “விண்ணப்பதாரியின் பெயரிலுள்ள காணி, வீடு, வேறு சொத்து” என்ற இடத்தில், கஜந்தினியின் வடிவான எழுத்தில்: இல்லை.

கொடிகாமத்துத் தென்னங்காணி அவளுடைய பெயரில் இருக்கிறது. அவள் பெரியபிள்ளையான வருடமே பத்மாவதி நொத்தாரிசிடம் போய்க் காணி உறுதி எழுதி முடித்தாள்.

“இதை ஏன் எழுதேல்லை?” என்று கேட்டேன்.

பத்மாவதி உண்மையாகவே விளங்காமல் பார்த்தாள். “அது சீதனமெல்லோ? சீதனத்தை ஆரும் சொத்தெண்டு எழுதுவினமோ?”

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது ஒருநாளும் கஜந்தினியின் காணியாக இருந்ததில்லை. இன்னும் யாரென்று தெரியாத ஒரு மாப்பிள்ளைக்காகப் பிடித்துவைத்திருக்கிற இடம்.

ஒக்டோபர் 17

பத்மாவதியின் தம்பி சுபாஸ்கரன் வந்தான். கொடிகாமத்தில் அந்தக் காணியைப் பார்க்கிறவன் அவன்தான். தேங்காய் விற்கிறவனும் அவன்தான். எங்களுக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு சாக்குத் தேங்காய் வரும். கணக்குக் கேட்டதில்லை.

விண்ணப்பத்தைத் திருத்தவேண்டும் என்று சொன்னேன்.

“அத்தான், உங்களுக்கென்ன விசரே? அவை காணிக் கந்தோரிலை போய்த் தேடப்போகினமே?”

“தேடமாட்டினம். அதுதான் எனக்குக் கரைச்சல்.”

“முப்பது வருசம் உள்ளதை எழுதி என்னத்தைக் கண்டனியள்? ஒரு மோட்டச்சைக்கிள். அதுவும் தள்ளினாத்தான் ஸ்ரார்ட் வரும்.”

பத்மாவதி சிரித்துவிட்டாள். நானும்தான்.

ஒக்டோபர் 18

விண்ணப்பம் அவளுடையது, கையொப்பம் அவளுடையது. நான் போய்ச் சொன்னால் என் பிள்ளையை நானே பொய்க்காரி ஆக்குகிற மாதிரி. சொல்லாவிட்டால் — அந்தக் காசு வேறொரு பிள்ளையின் காசு. வேறு வீட்டு விசயம் என்றால் ஒரு நிமிடமும் யோசிக்கமாட்டேன். என்ரை பிள்ளை எண்ட உடனை ஏன் இப்பிடி இழுபடுறன்?

பிரதியைக் கஜந்தினியிடம் கொடுத்து அந்த இடத்தைக் காட்டினேன். “நீயே யோசி.” அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒக்டோபர் 25

நேர்முகம். பிள்ளைகள் உள்ளே, நளீரும் நானும் வெளியே வாங்கில். என் சங்கடத்தை அவனிடம் சொன்னேன்.

“அந்தக் கேள்விக்கு என்ன எழுதிறது வாப்பா எண்டு ஜிஹானாவும் கேட்டவ. சோனக தெருவிலை எங்களுக்கு இருந்த வீடும் போட்டுது, உறுதியும் போட்டுது. அதிலை ஒரு கோடு கீறிவிடு மகள் எண்டன். உங்களுக்கு எழுத ஒண்டு கிடக்கே அண்ணை, அதுக்கு ஏன் இவ்வளவு கவலை?”

கஜந்தினி வெளியே வந்தாள். “சொல்லிப்போட்டன் அப்பா.”

“என்ன கேட்டவை?”

“காணியிலை இருந்து என்ன வருமானம் எண்டு. தெரியாது எண்டன். உங்கடை காணிதானே பிள்ளை, உங்களுக்கே தெரியாதோ எண்டு ஒரு அம்மா கேட்டவ. கோவமாய்க் கேக்கேல்லை.”

பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

நவம்பர் 3

ஜிஹானாவுக்குக் கிடைத்தது. கஜந்தினிக்கு இல்லை. வருமானம் தரக்கூடிய சொத்து இருப்பதால் இம்முறை முடியவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். திருத்த ஒரு சொல் இல்லாத கடிதம்.

நவம்பர் 4

பத்மாவதி என்னோடு கதைக்கவில்லை.

நவம்பர் 6

இன்று கதைத்தாள். “உங்கடை நேர்மையைக் காட்டி மொறட்டுவையிலை ஒரு அறை எடுக்கலாமோ?”

நானும் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை எழுத மனமில்லை.

கஜந்தினி குசினியிலிருந்து வந்தாள். “அப்பா சொல்லச் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான். அவையைப் பொறுத்தவரை அது என்ரை காணி. இந்த வீட்டிலை மட்டும் அது ஆரின்ரை காணி அம்மா?”

“உன்ரை கலியாணத்துக்கு வைச்சிருக்கிறது.”

“வைச்சிருங்கோ. நான் விக்கவே கேட்டனான்? குத்தகைக்குக் குடுத்தாக் காணி அங்கைதான் கிடக்கும். தேங்காய்தானே போகும். பொம்பிளை கேட்டு வாறவர் என்ன, தேங்காயையும் எண்ணியே பாப்பார்?”

“அப்ப மாமா?” என்றாள் பத்மாவதி.

குத்தகை என்பது எனக்கும் பத்மாவதிக்கும் தெரியாத வழியா? தெரியும். அந்த வழியில் சுபாஸ்கரன் நிற்கிறான். அதனால் அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்தோம்.

நவம்பர் 9

பத்மாவதி கொடிகாமம் போனாள். நானும் வருவதாகச் சொன்னேன். “வேண்டாம். என்ரை தம்பி. நானே கேக்கிறன்.”

பின்னேரம் திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது. “‘அக்கா, நான் கள்ளனோ?’ எண்டு கேட்டான். சோறு போட்டு வைச்சிருந்தவை. சாப்பிடாமல் வந்திட்டன்.”

வேறு என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்டே பிழைத்தவன், இதைக் கேட்கமுடியவில்லை.

நவம்பர் 23

நல்ல மழை. குத்தகை எழுதியாயிற்று. எடுத்தவர் ஜெறோம், கொடிகாமம் சந்தையில் தேங்காய் வியாபாரம். கஜந்தினி கையொப்பம் வைத்தாள். பத்மாவதி பேரம் பேசியதைக் கேட்டு ஜெறோம், “ஐயா, அம்மாவைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நாங்கள் கடையைப் பூட்டிறம்” என்றார். முற்பணம் முதல் வருடத்துக்குக் காணும். மிச்சத்துக்கு மகாபொல, என் செய்திகள்.

சுபாஸ்கரன் வரவில்லை.

டிசம்பர் 14

கஜந்தினியைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம். பத்மாவதி கட்டிக்கொடுத்த பருத்தித்துறை வடையை பஸ் வெளிக்கிட முன்னமே சாப்பிடத் தொடங்கிவிட்டாள்.

ஜனவரி 15

பொங்கல். சுபாஸ்கரனுக்கென்று பத்மாவதி ஒரு பங்கு எடுத்துவைத்தாள். பின்னேரம் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள்.

ஜனவரி 28

ஜெறோம் தொலைபேசி எடுத்தார். வேலிப் பக்கம் சரிந்து நிற்கிற மூன்று தென்னையைத் தறிக்கட்டோ என்று கேட்டிருக்கிறார். நான் விறாந்தையில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பத்மாவதியின் குரல்:

“என்னைக் கேட்டு என்ன செய்யிறது தம்பி? காணிக்காரி மொறட்டுவையிலை எல்லோ. பின்னேரம் வகுப்பு முடிய எடுத்துக் கேக்கிறன். அவ ஓம் எண்டால் தறியுங்கோ.”