பதினோரு கோணல் புத்தகங்கள்

மார்ச் 2, ஞாயிறு

தும்மல்காரர் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரருடைய கூட்டாளி. பழைய காகிதத் தூசி மூக்கில் ஏறினால் அவருக்கு எண்ணி இருபது தும்மல். ஆனால் அந்த மனுஷன் சேர்ப்பதோ பழைய புத்தகம். நீச்சல் தெரியாதவன் கிணற்றுக்குள்ளே குடித்தனம் வைத்த கதை.

இரண்டு பேரும் பாய் விரித்து மர்ம நாவல்களைப் பரப்பினார்கள். சட்டைப்பையில் அடங்குகிற சைஸ். நாற்பது ஐம்பது வருஷப் பழசு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறை. எனக்கு ஒரு மழைக்கோட்டு கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. புத்தகத்துக்கெல்லாம் மழைக்கோட்டு போட்டாயிற்று.

அட்டையில் பார்த்தால் எல்லாம் ஒரே பொம்பளைதான். முடியை அவிழ்த்துவிட்டு, துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, மழையில் நிற்கிறாள். இவளைத் தேடித்தான் இவர் நாலு பஸ் மாறிப் போகிறார்.

"கதையில அவ யாரைத்தான் சுட்டா?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார் வீட்டுக்காரர். "படிச்சா முதுகுல சுருக்கம் விழுந்துடும்."

புத்தகத்தின் முதுகைச் சொல்கிறார். என் முதுகைப் பற்றி முப்பது வருஷத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

"படிக்காத புத்தகம் எதுக்கு? அட்டையை வச்சுக்கிட்டு மீதியைக் குடுங்க, கொசுவுக்குப் புகை போட ஆகும்" என்றேன்.

"அண்ணி, அப்படிப் பேசாதீங்க, நெஞ்சை அடைக்குது" என்றார் தும்மல்காரர்.

"அது நான் பேசினதால இல்ல. தூசி."

மார்ச் 5, புதன்

இன்றைக்கு லிஃப்டுக்குள் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்களாம். வீட்டுக்காரர் போய்த் திறந்துவிட்டார். ஊரான் மாட்டிக்கொண்டால் எடுத்துவிடுகிற மெக்கானிக். சொந்த வீட்டு உள்ளறைக்குள் அவரும் நானும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் போய் வருகிறோம். மூன்று அலமாரி, ஆறு பெட்டி.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு ஓவியர் வந்தார். வந்தார் என்ன, வீட்டுக்காரரும் தும்மல்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, கண்ணாடிச் சாமான் இறக்குகிற மாதிரி ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள். எண்பது வயசுக்கு மேல். பல் எல்லாம் போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை.

இந்த மழைப் பொம்பளைகளை எல்லாம் வரைந்தவர் அவர்தானாம். எந்தக் கதைக்கு எந்தப் படம் என்று எப்படி முடிவு பண்ணுவீர்கள் என்று தும்மல்காரர் பக்தியோடு கேட்டார்.

"கதையா? எனக்கு யாரு கதை சொன்னா? 'பொண்ணு, துப்பாக்கி, மழை, வெள்ளிக்கிழமைக்குள்ள' — இதான் சொல்வாங்க."

ஆக, வரைந்தவர் படிக்கவில்லை. சேர்த்தவர் படிக்கவில்லை. அச்சுக் கோத்தவன் ஒருத்தன்தான் அத்தனையையும் படித்திருப்பான், பாவம்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். ஒரு பதிப்பகம் பழைய அட்டைப்படங்களை எல்லாம் சேர்த்துப் பெரிய ஆல்பம் போடுகிறது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வரைந்தவர் பேர் வரும். இவர் ஒரு ஓவியக்கூடத்தில் சம்பளத்துக்கு வரைந்தவர். அந்தக் காலத்தில் எந்தப் புத்தகத்திலும் இவர் பேரைப் போடவில்லை. முதலாளி செத்துப்போனார். இப்போது அவர் மகன், எல்லாம் எங்கப்பா கையால் போட்டது என்று பதிப்பகத்துக்கு எழுதியிருக்கிறான்.

"அவங்கப்பா கை பேனா பிடிச்சு நான் பாத்ததெல்லாம் சம்பளப் பதிவேட்டுலதான்" என்றார் ஓவியர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில்.

ஆதாரம் இருந்தால் இவர் பேரைப் போடுகிறோம் என்று பதிப்பகத்தில் சொல்லியிருக்கிறார்கள். இருபத்தொன்பதாம் தேதி வந்து பார்ப்பார்களாம். "ஆதாரம் என்கிட்ட இருக்கு ஐயா" என்று வீட்டுக்காரர் ஒரு பெட்டியைத் தட்டினார். பதினோரு புத்தகம் மட்டும் தனியாக வைத்த பெட்டி.

"அதுல என்னங்க ஆதாரம்?" என்றேன், அவர்கள் போன பிறகு.

"உன்கிட்ட சொன்னா நாளைக்கே உங்க பைண்டிங் கடையில போஸ்டர் ஒட்டிடுவீங்க. ஒண்ணு ரெண்டு தறுதலைங்க இந்தப் பெட்டிக்கு அலையுது."

உண்மைதான். எனக்கு வயிற்றில் சோறு நிற்கும், ரகசியம் நிற்காது. அதற்காக மூஞ்சிக்கு நேராகச் சொல்வதா?

மார்ச் 23, ஞாயிறு

அவர் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். அடக் கண்றாவியே! பதினொன்றும் கோணல். கீழ் ஓரம் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, எடுப்புப் பல்லுக்காரன் சிரித்த மாதிரி இருக்கிறது. எந்தக் கடையில் எந்தக் குடிகாரன் ஓரம் வெட்டிக் கட்டிங் போட்டானோ. இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிங் மிஷினில் நிற்கிறேன், ஒரு நூல் பிசகினால் எனக்குச் சோறு இறங்காது. பதிப்பகத்துக்காரர்கள் வந்து இதையா பார்ப்பார்கள்? அதுவும் பைண்டிங்காரி வீட்டில்?

அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த ஒன்றுதான் தெரியும். அதிலும் மானம் போகலாமா?

மார்ச் 26, புதன்

முடித்தாயிற்று. அவர் டியூட்டிக்குப் போனதும் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனேன். மூன்று பக்கமும் கால் அங்குலம்தான். கத்தி இறங்கின சத்தமே தனி. பதினொன்றும் இப்போது சோப்புக் கட்டி மாதிரி இருக்கிறது. கடைக்கார அக்காகூட "யாருடி மாப்பிள்ளை, இவ்வளவு அலங்காரம்?" என்றாள்.

சாயங்காலம் அவரிடம் காட்டி அசத்தப் போகிறேன். முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது அந்த மனுஷன் வாயைத் திறந்து பாராட்டட்டும்.

அதே நாள், சாயங்காலம்

வாயைத் திறந்தார். மூடவே இல்லை.

திறந்த வாயோட அப்படியே தரையில உக்காந்துட்டார். ஒவ்வொரு புத்தகமா எடுத்து கீழ்மூலையத் தடவினார். அப்புறம்தான் சொன்னார் — இப்பச் சொன்னார், மகராசன்! ஓவியர் ஒவ்வொரு படத்துலயும் கீழ்மூலையில எறும்பு மாதிரிக் கையெழுத்து போடுவாராம். முதலாளிக்கு அது ஆகாது. அச்சகத்துல, அந்த மூலை வெட்டுப்படற மாதிரிக் கட்டிங் போடுன்னு சொல்லி வச்சிருந்தானாம். ஒழுங்கா வெட்டின எந்தப் புத்தகத்துலயும் பேரு இல்ல. எவனோ கோணலா வெட்டினதுல மட்டும்தான் தப்பிச்சுது. தேடித் தேடி முப்பது வருஷத்துல பதினொண்ணுதான் சேத்தாராம்.

அந்தப் பதினொண்ணையும் நான் நேராக்கிட்டேன்.

செத்துப்போன முதலாளி விட்டுவச்ச வேலைய நான் முடிச்சுக் குடுத்திருக்கேன். சம்பளம்கூட வாங்காம.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானும்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். அவர் திட்டவே இல்லை.

மார்ச் 27, வியாழன்

கடை திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றேன். கட்டிங் துண்டெல்லாம் சாக்கில்தான் கிடக்கும், வெள்ளிக்கிழமைதான் பழைய பேப்பர் வண்டி வரும். மூன்று சாக்கு. கொட்டினேன். பின்னாலேயே வீட்டுக்காரர், லீவு போட்டுவிட்டு. அவர் பின்னால் தும்மல்காரர், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு. கொள்ளையடிக்க வந்த மாதிரியே இருந்தார்.

விரல் அகலம்கூட இல்லாத துண்டுகள். எல்லாம் வெள்ளை. அதில் கலர் தெரிகிற துண்டு எது, அதில் கையெழுத்து எங்கே? மத்தியானம் வரைக்கும் மூன்று பேரும் கோழி மாதிரிக் கிளறினோம். ஒரு துண்டைக் கண்டுபிடித்ததும் தும்மல்காரர் சந்தோஷத்தில் தும்மினார் பாருங்கள், அந்தத் துண்டு பறந்து மறுபடி குப்பைக்குள் போய்விட்டது. வீட்டுக்காரருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. உடனே முகத்தை மாற்றிக்கொண்டார், கோபமாக இருப்பது ஞாபகம் வந்திருக்கும்.

ஏழு கிடைத்தது. மீதி நாலு? அக்கா கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். நேற்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் பார்சல் போனதாம். மூலை நசுங்காமல் இருக்க மிஷின் அடியில் கிடந்ததை ஒரு கை அள்ளித் திணித்தாளாம். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டோம். நோட்டைப் பிரித்து, குப்பையைக் கொளுத்தியும் ஆயிற்றாம். வாழ்க்கையில் இன்றைக்குத்தான் ஒரு பள்ளிக்கூடம் இவ்வளவு சுத்தமாக இருப்பதைக் கேள்விப்படுகிறேன்.

மார்ச் 28, வெள்ளி

வீட்டுக்காரருக்குச் சோறு போட்டேன். "உப்பு போதுமா?" என்றேன். தலையாட்டினார். உப்பே போடவில்லை.

மார்ச் 29, சனி

பதிப்பகத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தாள், என் மகள் வயசு இருக்கும். கூடவே அந்த முதலாளி மகனும், கூப்பிடாமலே. செண்ட் வாசனை முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தான்.

ஏழு புத்தகத்தையும் ஏழு துண்டையும் மேஜையில் வைத்தோம், துண்டு இல்லாத நாலு புத்தகம் தனியாக. நடந்ததை நானே சொன்னேன். எதற்கு மென்று முழுங்க வேண்டும்?

அவன் ஒரு துண்டை இரண்டு விரலால் தூக்கி, செத்த பல்லி மாதிரிப் பிடித்தான். "இதுல யார் வேணும்னாலும் கையெழுத்து போடலாமே மேடம். நேத்து ராத்திரி போட்டிருக்கலாம்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். லிஃப்டுக்குள்ளே இருக்கிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசியே பழகின மனுஷன், நேருக்கு நேர் பேச்சு வராது. எனக்கு வரும்.

"தம்பி, அதைக் குடுங்க" என்று வாங்கினேன். "எச்சில் தொட்டுத் தேச்சுப் பாருங்கம்மா, பேனா இங்க் இல்ல, அச்சு. படத்தோட சேந்து விழுந்தது." அப்புறம் துண்டைப் புத்தகத்தின் கீழ் ஓரத்தில் வைத்துத் தள்ளினேன். மயிரிழை இடைவெளிகூட இல்லை, வெட்டினது நான் ஆயிற்றே. மழைப் பொம்பளையின் குதிகால் புத்தகத்தில் இருக்கிறது. கட்டைவிரல் துண்டில் இருக்கிறது. கட்டைவிரலை ஒட்டி எறும்புக் கையெழுத்து.

"குதிகால் உங்கப்பா போட்டது, கட்டைவிரல் மட்டும் வேற ஆள் போட்டதா தம்பி? ஒரு காலுக்கு ரெண்டு பேரா?"

கண்ணாடி அம்மா சிரித்துவிட்டாள். அவன் போன் வந்த மாதிரி எழுந்து போனான். போன் வரவில்லை.

ஏழையும் ஒத்துக்கொண்டாள். அந்த நாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதே கைதான்னு எனக்கும் தெரியுதும்மா. ஆனா ஆதாரம் இல்லாம பேர் போட முடியாது." நியாயம்தான். நியாயம் எப்போதும் இப்படித்தான், நம் பக்கம் முக்கால்தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

மார்ச் 30, ஞாயிறு

ஓவியர் வீட்டுக்கு நானும் போனேன். அவர் மகள் வீட்டு மாடியில் ஒரு அறை. கட்டில், ஜன்னல், மருந்து டப்பா. சுவரில் ஒரு படம் கிடையாது.

நான்தான் வெட்டினேன் என்று சொன்னேன். சொல்வதற்கு நாலு வேடிக்கைப் பேச்சு தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அதை விட்டுவிட்டு, வெட்டின கையைத்தான் நீட்டினேன்.

என் கையைப் பார்த்தார். "அன்னைக்கும் கட்டிங், இன்னைக்கும் கட்டிங். உங்க ஜாதிக்கு என் மேல என்னம்மா கோவம்?" என்றார். கட்டிங் போடுகிறவர்களை எல்லாம் ஒரு ஜாதியாக்கிவிட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டீ வந்தது. ஆறியது. அப்படியே இருந்தது.

இறங்கி வரும்போது படியில் வீட்டுக்காரர் என் தோளில் கை வைத்தார். "நான் சொல்லியிருக்கணும்" என்றார். தெருவில் போகிற யாரையோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பரவாயில்லை, என்னிடம் சொன்னதாகவே எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வீட்டுக்காரர் ஒரு நாவலைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார். முழுசாகப் பிரித்து. முதுகில் சுருக்கம் விழுகிற சத்தம் சமையற்கட்டு வரைக்கும் கேட்கிறது. "எப்படிங்க இருக்கு?" என்றேன். "மகா மட்டம்" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆல்பம் வந்துவிட்டது. தூக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவு கனம். கட்டிங் நேராக இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இருக்கிறது. தையல்தான் கொஞ்சம் மட்டம்.

மூன்று பேரும் ஓவியர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். மடியில் தலையணை வைத்து அதன் மேல் பிரித்து வைத்தோம். ஏழு பக்கத்தில் அவர் பேர். ஒவ்வொன்றிலும் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார், ஏதோ வேற்றாள் பேரைப் படிக்கிற மாதிரி. அவர் மகள் வாசலில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தும்மல்காரரும் துடைத்தார். தூசி என்றார். புத்தம் புதுப் புத்தகத்தில் என்ன தூசி?

அப்புறம் அந்த நாலு பக்கம் வந்தது. படத்துக்குக் கீழே, 'வரைந்தவர் பெயர் தெரியவில்லை.'

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"பேனா குடுங்க" என்றார்.

வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். புத்தகத்தில் விரல்ரேகை பட்டாலே அலறுகிற மனுஷன், மூடியைக் கழற்றியும் கொடுத்தார். ஓவியர் மூலைக்குப் போகவில்லை. மழைப் பொம்பளையின் நெற்றியில் ஆரம்பித்து, மூக்கு, வாய், துப்பாக்கி எல்லாவற்றின் மேலும் தன் பேரை எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் பருமன். நாலு பக்கத்திலும். படம் மொத்தமாக நாசம். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப வெட்டும்மா பாக்கலாம்" என்றார்.

கிட்டப் போய்க் கைவிரலை வைத்து அளந்தேன். எந்த ஓரத்திலிருந்து பார்த்தாலும் நாலு விரல் உள்ளே இருக்கிறது. "முடியாதுங்க ஐயா" என்றேன்.