கேட்டதைக் கொடு

காஜா பெராங், மலாக்கா
ஆகஸ்ட் 1957

அம்மாவுக்கு,

ஆர்மோனியக்கார நாகப்பனை நான் மறக்க வேண்டும் என்று, என்னைப் பிடித்த பெண்பேயை ஓட்டச் சொல்லிப் பூசாரியிடம் விட்டுப் போனாயே, நடந்ததைக் கேள்.

வேப்பிலையால் விளாசி, "யாருடி நீ? என்னா வேணும் ஒனக்கு?" என்றார். நாடகத்தில் வள்ளி வேஷம் கட்டும் குரலிலேயே, "பட்டுச்சேலை, மல்லிகை, அப்புறம் நாகப்பன்!" என்றேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எழுந்து ஆடினேன். மாரியாத்தாளே இறங்கிவிட்டாள் என்று பூசாரி என் காலில் விழுந்தார். அவருக்குத் திருநீறு பூசி அனுப்பினேன்.

பேயும் வரவில்லை, ஆத்தாளும் இறங்கவில்லை. கேட்டது நான்தான். ஆத்தாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், கோபிக்கவில்லை.

பேயோ சாமியோ, கேட்டதைக் கொடுக்காவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பாய். மெர்டேக்கா சுதந்திர விழா நாடகத்தில் மறுபடி ஆடுகிறேன். மல்லிகைக்குச் சொல்லியாயிற்று. நாகப்பன் வாசிக்கிறான்.

உன் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக்கொண்டு வா.

உன் மூத்த மகன்