திருப்பி ஒட்டிய பிலிம்

அடியே,

இன்று காலை அச்சகத்தில் செல்வராஜ் அண்ணன் பழைய கவர் ஒன்றிலிருந்து உன்னை உருவி, அடியில் விளக்கெரியும் என் லைட் டேபிளில் போட்டார். உன்னை என்றால், உன் படத்தின் பிலிமை. பிலிம் கழுவிய மருந்து நெடி இன்னும் போகவில்லை.

“சென்னைக்காரங்க ஆர்டர் வந்திருக்கு புள்ள. வர்ற கச்சேரி சீசன் புஸ்தகம். பியானோ கச்சேரி, நாலஞ்சு பேரு சேந்து வயலின் வாசிக்கிறது, எல்லாம் இருக்கு. மொதப் பக்கம் ஒன் சேக்காளிக்கு அஞ்சலியாம்” என்றார்.

முதல் பக்கம்! அதுவும் முழுப் பக்கம்! செத்தும் நீதானா முன்னால் என்று வயிறு எரிந்தது. மஞ்சள் காமாலையில் நீ போய் நாலு மாதம் ஆகவில்லை. இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் எரிந்தது எரிந்ததுதான்.

உன் அம்மாவும் என் அம்மாவும் நாரணாபுரத்தில் ஒரே கம்பெனியில் வெடிக்குத் திரி வைத்தவர்கள். நாம் இருவரும் ஒரே பள்ளி விடுதி. அங்கே இருந்த ஒற்றைப் பியானோ நமக்கு ஞாயிறு மத்தியானம் அரை மணி நேரம் கிடைக்கும். அதை ஆளுக்குக் கால் மணி என்று பிரிக்காமல், ஆளுக்கு ஒரு கை என்று பிரித்தவள் நீ. “நீ இடது, நான் வலது. அப்ப ரெண்டு பேருக்கும் முழுசா அரை மணிலா?” என்றாய். நானும் தலையாட்டினேன். பாட்டு முழுக்க வலது கையில் இருக்கிறது என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்? நான் டொம் டொம் என்று தட்டிக்கொண்டிருப்பேன். ஜன்னலில் நிற்கிற பிள்ளைகள் உன்னைப் பார்த்து, “எம்புட்டு அழகா வாசிக்கா!” என்பார்கள்.

அப்புறம் நீ சென்னைக்குப் போய் இரண்டு கையாலும் வாசிக்கக் கற்றுக்கொண்டாய். நான் சிவகாசி அச்சகத்தில் பிலிம் ஒட்ட வந்தேன்.

மூன்று வருஷம் முன்னால் இதே சீசன் புத்தகத்தில் நீ முதல் தடவை வந்தாயே, அதைத்தான் இன்று சொல்ல வேண்டும். உன் பிலிமை யாரோ திருப்பிப் போட்டு ஒட்டியிருந்தார்கள். எழுத்தெல்லாம் தனி பிலிம், அதனால் சரியாக இருந்தது. நீ சேலை கட்டியிருந்தால் முந்தானை தோள் மாறிக் காட்டிக்கொடுத்திருக்கும். சுடிதாரில் இருந்தாய். பியானோவின் மூடி தப்பான பக்கம் திறந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. “எல்லாம் சரியா இருக்கா புள்ள?” என்று அண்ணன் கேட்டார். “சரியாத்தான் இருக்குண்ணே” என்றேன். அன்றைக்கே அச்சு மெஷினில் ஏறிவிட்டது.

நீ போனில் சிரித்தாய். “ஏ புள்ள, இங்கன பாதிப் பேருக்குத் தெரியல. ஒனக்குத் தெரியாமலா போச்சு?” அன்றைக்கு நான் லீவு என்று சொன்னேன். “சரி விடு, சாப்பிட்டியா?” என்றாய். நான் லீவில் இல்லை. உனக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்.

இன்று அதே பிலிம். முன்பு ஒட்டிய டேப்கூட அப்படியே இருந்தது. திருப்பிப் போட்ட படத்தில் உன் வலது கை இடது கையாகத் தெரிகிறது. என் பக்கத்து வேலையை நீ செய்வதுபோல் இருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு டேப்பை உரித்து, சரியாகத் திருப்பி ஒட்டினேன். பாட்டு உன் பக்கமே போய்விட்டது. “அண்ணே, அன்னைக்குத் தப்பா இருந்துச்சு, நான் பாத்துட்டுத்தான் விட்டேன்” என்று அவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

அரிசி களையும்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் என் இடது கை தன் பாட்டுக்குத் தட்டுகிறது. அந்தப் பாதி அப்படியே இருக்கிறது, ஒன்றும் மறக்கவில்லை. வலது கைப் பாதியை ஒருநாள் கேட்டிருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பாய். கேட்க எனக்கு மனசு வரவில்லையடி.