பாதை வழக்குக்கு ஒரு வக்கீல்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள விஷ்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் எழுதத் தொடங்குகிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக பக்கத்து வீட்டு மஹ்பூபி அக்காவின் கொல்லைக்குப் போய், சாக்கடை மேல் கிடக்கும் பலகையைத் தேய்த்துக் கழுவினேன், ராத்திரி பெய்த மழையில் வழுக்கியது. நம் வீட்டுக்கு ஷூ தைக்க வரும் பெண்கள் இப்போது அந்தப் பலகை மேல்தான் நடந்து வருகிறார்கள், தலையில் தோல் மூட்டையோடு. கோவிந்தசாமி தாத்தாவின் முன் மனையை வாங்கிய பரணிதரன் நம் சந்தில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார் என்று போனில் சொன்னேன் அல்லவா, அதற்கு மேல் அன்று பேச முடியவில்லை, அப்பா பக்கத்திலேயே இருந்தார். கோவிந்தசாமி தாத்தா உங்களை நடக்க விட்டார், நான் விடவில்லை, அவ்வளவுதான் என்கிறார் பரணிதரன். மஹ்பூபி அக்கா முகம் சுளிக்காமல் வழி விடுகிறார், ஆனால் கிண்டலுக்குக் குறைவில்லை, "இன்னா ஜோதி, அடுத்து எங்க சமையல் ரூம் வழியா வேன் வுடுவியா" என்று நேற்றுக் கேட்டார், எல்லாரும் சிரித்தோம். சிரித்தாலும் கவலைதான். கம்பெனி வேன் தெருவிலேயே மூட்டையை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது, சீக்கிரம் பாதை திறக்காவிட்டால் வேலையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை போனால் எனக்கு மட்டும் இல்லை, இங்கே உட்கார்ந்து தைக்கிற எல்லாருக்கும் போகும்.

கோர்ட்டுக்குப் போவது என்று முடிவானதும் அப்பா வேறு யோசனையே இல்லாமல் வீட்டுப் பத்திரங்களை ராஜவேலு பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சொந்தத்தில் ஒரு வக்கீல் இருக்கும்போது வெளியே போனால் நாளைக்குப் பேச்சு வரும் என்றார். பெரியப்பா நல்லவர், அவர் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது, ஆனால் அவர் பார்ப்பதெல்லாம் வாகன விபத்து வழக்குகள். போன வாரம் மனு தயார், கையெழுத்துப் போட வா என்று கூப்பிட்டார். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன், "நீ போடுமா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று சிரித்தார். நான் உட்கார்ந்து படித்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் கேட்காமல், யாருக்கும் எதுவும் கொடுக்காமல், உரிமையோடு அந்தச் சந்தில் நடந்து வந்தோம் என்று எழுதியிருந்தது. எனக்குத் திக்கென்றது. வருஷா வருஷம் பொங்கலுக்குத் தேங்காய், வெற்றிலை, ஒரு குடியாத்தம் லுங்கி வைத்துக் கோவிந்தசாமி தாத்தாவிடம் தட்டுக் கொடுத்தோமே, பாதை விட்டதற்கு மரியாதை என்று, சின்ன வயதில் அந்தத் தட்டை நீயே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். அதைச் சொன்னதும் பெரியப்பா, "அத இன்னாத்துக்கு இப்ப இழுக்கிற, வாயத் தொறக்காத, யாரு பாத்தா" என்றார். தெருவே பார்த்தது. மனுவின் கீழே இதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான், வீடு என் பேரில் இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் ஒன்று செய்தேன், நீ சிரிப்பாய். இரண்டு நாள் காலையில் கோர்ட்டுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்தேன். கறிகாய் வாங்கும்போதுகூடப் புரட்டிப் பார்த்து வாங்குகிறோம், வக்கீலை மட்டும் சொந்தம், ஜாதி, யாரோ சொன்ன பேர் என்று பிடித்துவிடுகிறோம். சத்தமாகப் பேசியவர்கள் பலர். ஒரு வக்கீல் அம்மா மட்டும், நீதிபதி கேட்ட கேள்விக்கு, அது எனக்கு இப்போது தெரியாது, பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றார். மறுநாள் நானும் போனேன், அவரும் சரியாகப் பதில் கொண்டுவந்திருந்தார். விஜயகுமாரி என்று பேர், நில வழக்குகள்தான் பார்க்கிறார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னதும், "நல்லத அப்புறம் சொல்லுங்கம்மா, உங்களுக்கு எதிரா இருக்கறத மொதல்ல சொல்லுங்க" என்றார். பொங்கல் தட்டைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நமக்கு அது மரியாதை, கோர்ட்டில் அதை வருஷா வருஷம் அனுமதி கேட்டதாக எடுத்துக்கொள்ளலாம், அதை மறைத்து எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் வெளியே எடுத்தால் நீங்கள் சொன்ன மற்ற உண்மையும் பொய்யாகிவிடும் என்றார். பிறகு நம் மனை யாரிடமிருந்து வந்தது என்று கேட்டார். கோவிந்தசாமி தாத்தாவிடமிருந்துதான், அவருடைய ஒரே மனையில் பின்பாதியை என் அப்பா வாங்கி எனக்கு எழுதிவைத்தார் என்றேன். அவர் முகம் தெளிந்தது. ஒரே ஆளின் இடத்தைப் பிரித்து விற்கும்போது பின்னால் இருப்பவருக்கு வெளியே போக வேறு வழி இல்லையென்றால், அந்தப் பாதைக்கு உரிமை தேவையினாலேயே வந்துவிடும், தட்டுக் கொடுத்தீர்களா இல்லையா என்பதே அதில் பெரிசு இல்லை என்று விளக்கினார். மஹ்பூபி அக்கா கொல்லை பற்றிக் கேட்டேன், அது அவர்கள் தயவு, உங்கள் உரிமை இல்லை, அப்படியே எழுதலாம் என்றார். ஜெயிப்போம் என்று சத்தியம் செய்யவில்லை. "நல்ல கேஸ்மா, ஆனா நாள் ஆகும், மொதல்ல தற்காலிகமா கேட்டத் தொறக்கச் சொல்லி கேட்போம்" என்றார். கேட்டை போட்டோ எடுத்துவைக்கச் சொன்னார், பரணிதரனிடம் தெருவில் சண்டைக்கு நிற்கக் கூடாது, எது கொடுத்தாலும் ஒரு நகல் நம்மிடம் இருக்க வேண்டும், ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள் என்றார். பீஸ் எவ்வளவு, எதற்கெல்லாம் தனி என்று நான் கேட்காமலே சொன்னார். ரொம்ப நாளைக்கப்புறம் அன்று வீடு திரும்பும்போது பசித்தது எனக்கு.

உனக்கும் இதைத்தான் சொல்கிறேன், கம்பெனியில் புது ஒப்பந்தம் கொடுக்கிறார்கள் என்றாயே, எல்லாரும் போடுகிறார்கள் என்று நீயும் போட்டுவிடாதே. படி. புரியாததைக் கேள். கேட்டால் கோபப்படுகிறவர் நமக்கு வேலை செய்கிறவர் இல்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி கம்மி, மழையில்தான் கொஞ்சம் பேஜார். கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். குளிர் வருவதற்குள் அந்தப் பழைய கம்பளியை மாற்று, உன் சித்தி மகள் சுவேதாவின் கல்யாணத்துக்கு லீவு இப்போதே சொல்லிவை. கடைசியாக ஒன்று, இதை அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலை ராஜவேலு பெரியப்பா வீட்டுக்கு நானே போய், பெரியம்மாவுக்கு ஒரு டஜன் வாழைப்பழம் கொடுத்து, ஒரு காபி குடித்துவிட்டு, பத்திரங்களைத் திரும்ப வாங்கி விஜயகுமாரி அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன்.

உன் அன்பு அம்மா,
ஜோதி