புல்வெட்டி மெஷினும் சம்பந்தியம்மாவும்

செப்டம்பர் 21, 2025, ஞாயிறு

டூட்டி இல்லை. கொல்லையில் புது மெஷினை ஓட்டினேன். கரண்டில் ஓடும் புல்வெட்டி, மாப்பிள்ளை கிரிஷ் அனுப்பியது. நீளக் கம்பி, அதன் அடியில் மோட்டார், மோட்டாருக்கும் அடியில் வட்டமாக ஒரு தலை. தலைக்குள் சுற்றியிருக்கும் நைலான் நரம்பு வெளியே நீட்டிக்கொண்டு சுழல்கிறது, புல் பறக்கிறது. கத்தியே இல்லை. அரை மணியில் கிணற்றடி வரை சுத்தம். என் பேண்ட், மூக்கு, காது எல்லாம் பச்சை. என் மனைவி அமிர்தவல்லி என்னை உள்ளே விடாமல் வாசலில் நிறுத்தி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள். கண்டக்டர் வேலையில் முப்பது வருஷம் எத்தனையோ பேரைப் படியிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறேன். இன்று என் முறை.

இது ஆசைக்கு வந்த மெஷின் இல்லை. போன மாதம் சம்பந்தியம்மா வரலட்சுமி வந்திருந்தபோது, கிணற்றடிப் புல்லில் பாம்புச் சட்டை கிடந்தது. முழுச் சட்டை. கண் இருந்த இடம்கூடத் தெரிந்தது. என் மகள் பிரதீபாவுக்கு இப்போது எட்டாம் மாதம், தலைப்பிரசவம். முறைப்படி வளைகாப்பு முடிந்து இங்கே வரவேண்டியவள். சம்பந்தியம்மா சட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கொழந்த எங்க வீட்டுலயே பொறக்கட்டும் சம்பந்தி."

பாம்பு என் வீட்டில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனதற்கு நான் என்ன பதில் சொல்வது?

அக்டோபர் 12 மறுபடி வந்து பார்ப்பாராம். அதன் பிறகுதான் முடிவு. வளைகாப்பு அதே மாதம் 24.

செப்டம்பர் 24, புதன்

நரம்பு தேய்ந்து குட்டையாகிவிட்டது. ஓடும்போதே தலையைத் தரையில் தட்டினால் தானாக நீளும் என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. தட்டினேன். வரவில்லை. தேங்காய் உடைப்பது போல் ஓங்கித் தட்டினேன். அப்போதும் இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தலையைத் திறந்தேன். உள்ளே நரம்பு ஒன்றோடொன்று ஒட்டி உருகிக் கிடந்தது. காம்பவுண்டுச் சுவரோரம் விடாமல் உரசிக்கொண்டே போனேன் அல்லவா, அந்தச் சூடு. சுவரில் புல் முளைக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

புத்திசாலித்தனம் பொங்கியது. சதுரங்கப்பட்டினம் கரைக்குப் போய் மீன்பிடிக்கும் தங்கூசி ஒரு சுருள் வாங்கி வந்து சுற்றினேன். அதுவும் நைலான்தானே. நாலு நிமிஷத்தில் தூள் தூளாகப் போய்விட்டது. வஞ்சிரத்தை இழுக்கும் நரம்பு கோரைப்புல்லிடம் தோற்றது.

சாயங்காலம் கடையில் சரியான கனத்தில் கேட்டு வாங்கினேன். தலைமேல் அம்புக்குறி இருக்கிறது, அது காட்டும் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். முதல்முறை எதிர்ப்பக்கம் சுற்றினேன் என்பதை இந்த நோட்டைத் தவிர யாரிடமும் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் டிப்போவில் பஸ்களுக்கு அலங்காரம். எங்கள் டிப்போவில் சந்தனம் பூசுவது வருஷா வருஷம் நான்தான். ரேடியேட்டர் வலை மறையும் அளவுக்குப் பூசினால்தான் எனக்குத் திருப்தி. அதே கையோடு வீட்டுக்கு வந்து சைக்கிள், பைக், மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. புல்வெட்டி புதுசு, அதுவும் மகளை வீட்டுக்குக் கூட்டி வரப்போகிற மெஷின். அதற்குத் தனி மரியாதை. ஒரு கிண்ணம் சந்தனம், மேலே குங்குமம், கழுத்தில் மல்லிகைச் சரம். அமிர்தவல்லி பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குக் கூட இவ்ளோ பூசல நீங்க" என்றாள்.

நாளை விஜயதசமி. மறுபூஜை முடியும்வரை ஆயுதத்தைத் தொடக் கூடாது. நல்லது, முதுகுக்கும் ஓய்வு.

அக்டோபர் 4, சனி

நேற்றெல்லாம் மழை, இன்று வெயில். புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. மெஷினைப் போட்டேன். ஐந்து நிமிஷம் ஓடி நின்றுவிட்டது. மோட்டாரைத் தொட்டால் தோசைக்கல். காந்தல் வாசனை வந்தது, கூடவே கோயில் வாசனையும் வந்தது. பூஜை போட்ட மெஷின் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி கழித்துப் போட்டால் ஓடுகிறது. மறுபடி ஐந்து நிமிஷம். மறுபடி தோசைக்கல்.

அக்டோபர் 5, ஞாயிறு

பக்கத்து வீட்டு பக்தவத்சலம் வந்து பார்த்தார். வயர் ஒல்லி, கரண்ட் வந்து சேரவில்லை என்றார். அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. கொலுவுக்கு சீரியல் லைட் மாட்டிய வயரைத்தான் இழுத்து வைத்திருந்தேன். தடிமனான வயர் வாங்கி மாற்றினேன். இப்போது ஏழு நிமிஷம் ஓடுகிறது. முன்னேற்றம்தான். இந்தக் கணக்கில் கொல்லை முடியப் பொங்கல் வந்துவிடும்.

மோட்டார் கருகிவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்டோபர் 7, செவ்வாய்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கிரிஷ் போன் செய்தபோது, மெஷின் சரியில்லை மாப்ளே, மட்டமான சரக்கு போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் "அப்படியா மாமா" என்று மட்டும் சொன்னார்.

பத்து நிமிஷத்தில் பிரதீபா பேசினாள். அவர் மூன்று நாள் தேடித் தேடிப் பார்த்து வாங்கினாராம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அத்த ஞாயித்துக்கெழம வராங்கப்பா. புல்லு அப்படியே இருந்தா நான் இங்கயே இருந்துக்கறேன். சண்ட போட எனக்குத் தெம்பில்ல."

சரிம்மா என்றேன். வேற இன்னா சொல்றது? எம் பொண்ணு வர்றதும் வராததும் ஒரு மெஷின் கையில — இல்ல, என் கையில. என் கைதான் வெளங்காத கை. அமிர்தவல்லி பிறக்கப்போகும் குழந்தைக்குத் துணியாக எடுத்து வைத்திருந்த பழைய வேட்டிகளை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 8, புதன்

மழை. புல்லுக்குக் கொண்டாட்டம்.

அக்டோபர் 9, வியாழன்

லீவு போட்டு மெஷினைப் பைக்கில் கட்டி எடுத்துப்போனேன். மெயின் ரோட்டில் ரெபேக்காள் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். பம்பு, மிக்ஸி, எந்த மோட்டாராக இருந்தாலும் அந்த அம்மாவிடம்தான். மோட்டார் போய்விட்டது, புதுசாகச் சுற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை. மெஷினைத் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, மெஷினுக்கு சந்தனக்காப்பு சாத்திக்கீற?"

மோட்டார் மூடியைச் சுற்றிக் கோடு கோடாக இடுக்கு விட்டிருக்கிறதே, அது காற்று போக. நான் அதை அழகுக்கு என்று நினைத்து, ஒரு கோடு விடாமல் சந்தனம் அப்பியிருக்கிறேன். காய்ந்து சுண்ணாம்பு மாதிரி அடைத்துக்கொண்டது. தலைக்கும் மோட்டாருக்கும் நடுவே மல்லிகைச் சரத்தின் நார் பன்னிரண்டு சுற்று. சூடு எல்லை மீறினால் தானாக நிற்பதற்கு உள்ளே சின்னதாக ஒரு சாமான் இருக்கிறதாம். அது இல்லாவிட்டால் நிஜமாகவே கருகியிருக்கும்.

"உனுக்கு மூக்கப் பொத்திகினு ஓடுன்னா ஓடுவியா? அதுக்கும் மூச்சு வேணும்ல? பஸ்ஸுக்கு அப்புற மாறி இதுக்கும் அப்பிக்கீற."

மூடியைக் கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, நாரை அறுத்து எடுத்து, காற்றடித்தார். வைண்டிங்கைக் காட்டினார், செம்புக் கம்பி கருகாமல் பளபளவென்று இருந்தது. கடை வாசலிலேயே கால் மணி ஓட்டிப் பார்த்தோம். மோட்டார் கதகதப்பாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடத் தோன்றியது. உட்கார்ந்தும் விட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

வெட்டி முடித்ததும் பிளக்கைப் பிடுங்கி, பிரஷால் அந்த இடுக்குகளைத் துடைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. பொட்டு வைத்தே தீர வேண்டும் என்றால் கைப்பிடியில் ஒன்று, விரல் நுனியால். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்.

அக்டோபர் 10, வெள்ளி

காலை டூட்டிக்கு முன் பாதி, வந்து பாதி. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டேன். கிணற்றடி, வேலியோரம், செங்கல் குவியல் எல்லாம் முடிந்தது. செங்கல்லை அடுக்கியும் விட்டேன்.

பிறகு கிரிஷுக்கு நானே போன் செய்தேன். மட்டமான சரக்கு அந்த மெஷின் இல்லை மாப்ளே, நான்தான் என்று சொல்லி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அந்தப் பக்கம் இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"விடுங்க மாமா. சிறுசேரில எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சர்வர் ஃபேனுக்கே பொட்டு வெச்சிட்டார்."

படித்தவர்களும் இருக்கிறார்கள். நிம்மதி.

அக்டோபர் 12, ஞாயிறு

சம்பந்தியம்மா பத்து மணிக்கு வந்தார். காபிகூடக் குடிக்காமல் நேராகக் கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே, செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் நிற்பதுபோல் நின்றேன். வேலியோரமாக ஒரு சுற்று, கிணற்றைச் சுற்றி ஒரு சுற்று. குனிந்து செங்கல் அடுக்கின் பின்னால் பார்த்தார். எதுவும் இல்லை. திரும்பி வந்து கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தார்.

"பாம்புக்கு பயந்தது நெஜந்தான் சம்பந்தி. ஆனா அது பாதி. அவ இல்லாம வீடு வெறிச்சுனு இருக்குமேன்னு மீதி."

உங்கள் கேளம்பாக்கத்திலிருந்து இங்கே ஒரே பஸ்தான், தினமும் வாங்க, ஜன்னலோர சீட்டு பிடித்து வைக்கிறேன் என்றேன். சிரித்தார். அப்புறம் உள்ளே போய்க் காபியும் குடித்தார், இட்லியும் சாப்பிட்டார். கிளம்பும்போது அமிர்தவல்லியிடம், வளைகாப்பு முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னார். அமிர்தவல்லி அழுதாள். நான் மெஷினைத் துடைக்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 25, சனி

மழை விட்டிருக்கிறது. வேலியோரம் லேசாகத் தளிர் விட்டிருந்தது. பதினோரு மணிக்கு மெஷினை எடுத்து வயரை மாட்டினேன். ஸ்விட்சில் விரலை வைக்கும்போது அமிர்தவல்லி ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள்.

"இப்பத்தாங்க கண்ணசந்திருக்கா. கை நெறைய வளையல், ராத்திரி பூரா பொரண்டுகினே இருந்தா. சத்தம் போடாதீங்க."

பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, மெஷினை மூலையில் சாத்தினேன். ஜன்னலுக்குள் வளையல் ஒருமுறை கலகலத்து அடங்கியது. புல் இன்னும் இரண்டு நாள் வளர்ந்துவிட்டுப் போகட்டும்.